மூன்றாம் கவுண்ட்டர் காலி

அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்க அக்கா. தப்பாக எடுத்துக்காதீங்க. அந்தக் குடம் படம் என்னையே பார்த்துக்கொண்டு வருது. பொழுது முழுக்க அதைத்தான் பார்க்கப் போகிறேன், பஸ்ஸிலுமா?

ஆமாம், நிறைகுடம் சூப்பர் மார்க்கெட்தான். நான் திண்டுக்கல் கடை. பழனி ரோட்டில் இருக்கே, பெரிய கடை, அது. உங்க பை வத்தலக்குண்டுக் கடையில் வாங்கினது, கடை திறந்த அன்றைக்குச் சும்மா கொடுத்தார்களே, அந்தப் பச்சைப் பை. எனக்குத் தெரியும். அந்தக் கடையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது, உள்ளே கால் வைத்ததில்லை, அவ்வளவுதான். எங்க வீட்டில் டீயை ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினால், அந்த டீ ஆறுவதற்குள் கடைக்குப் போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் நான் தினமும் இந்த பஸ்ஸில் திண்டுக்கல் போகிறேன். திண்டுக்கல்காரி ஒருத்தி தினமும் எதிர் பஸ்ஸில் வத்தலக்குண்டு வருகிறாள். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

நீங்க எந்தக் கவுண்ட்டரில் பில் போடுவீங்க? வேண்டாம், சொல்லாதீங்க. முதல் கவுண்ட்டர். ஒல்லியாக ஒருத்தி இருப்பாளே, சிரித்தால் ஈறு தெரியும். பிரிசில்லா. பார்த்தீங்களா, பேரைச் சொன்னதும் உங்க முகமே மாறிப்போச்சு. எல்லாருக்கும் இப்படித்தான் மாறும்.

எனக்கு அவள்மேல் பொறாமை எல்லாம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். பொறாமைப்பட வேண்டுமானால் அவள் நம்மைவிடக் கெட்டிக்காரியாக இருக்கணும். அவள் வேலையில் என்னைவிட மெதுவு. நான் ஒரு டிராலி சாமானைப் பில் போட்டு முடித்து அடுத்த டிராலிக்குக் கை நீட்டும்போது, அவள் முதல் சோப்பைத் திருப்பித் திருப்பிக் கோடு எந்தப் பக்கம் இருக்கு என்று தேடிக்கொண்டிருப்பாள். என் விரலைப் பாருங்க, முன் சீட்டுக் கம்பியில் தானாக ஆடுது. பழக்கம். வெங்காயத்துக்கு ஒரு எண், துவரம்பருப்புக்கு ஒரு எண், எல்லாம் விரலிலேயே இருக்கு. தூக்கத்தில்கூடத் தட்டுகிறேன் என்று அம்மா திட்டும்.

படிப்பா? பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். பெயிலாகி நிற்கவில்லை, சலித்துப்போய் நின்றேன். எங்க வாத்தியார் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவார். முதல் தடவையே எனக்குப் புரிந்துவிடும். மற்ற நேரம் ஜன்னலைப் பார்ப்பேன், அதற்குத் திட்டு விழும். மெதுவாகப் போகிற எதுவும் எனக்கு ஆகாது. இந்த பஸ் உட்பட.

பதினெட்டு முடிந்ததும் நிறைகுடத்தில் சேர்ந்தேன். அவளும் அன்றைக்குத்தான் சேர்ந்தாள். ஒரே நாள், ஒரே அரக்குக் கோட்டு, பக்கத்துப் பக்கத்து லாக்கர். பேட்ஜ், கோட்டு எல்லாம் அந்த லாக்கரில்தான் வைத்துவிட்டு வரணும், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. போனையும் அதில்தான் பூட்டணும். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்று கை தட்டணும். "வருபவர் சிரிக்க, நாமும் சிரிப்போம்" என்று கத்தணும். நான் வாயை மட்டும் அசைப்பேன். அவள் நிஜமாகவே கத்துவாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

முதலில் எங்க இரண்டு பேரையும் அலமாரிக்குப் போட்டார்கள். யாராவது முன்னால் இருக்கிற பாக்கெட்டை எடுத்தால், உடனே பின்னால் இருக்கிறதை முன்னால் இழுத்து வைக்கணும். அலமாரி எப்போதும் நிறைந்த மாதிரியே தெரியணும். பின்னால் கை விட்டுப் பார்த்தால் வெறும் காற்று. நீங்க கடைக்குப் போனால் கை விட்டுப் பாருங்க. நாள் முழுக்க நிற்கணும். உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், மேலேயிருந்து கதிரேசன் சார் மைக்கில் பேரைச் சொல்வார். கதிரேசன் சார்தான் மேனேஜர். மாடியில் பேக்கிங் இருக்கு, தகரக் கூரை. மிளகாய்த்தூள் போடுகிற அன்றைக்கு அங்கே இருக்கிறவர்கள் தும்மித் தும்மியே இறங்கி வருவார்கள்.

பில்லிங்குக்கு மட்டும்தான் நாற்காலி. அதனால் எல்லாருக்கும் பில்லிங்மேல்தான் கண். எங்க இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் கொடுத்தார்கள். அவளுக்கு முதல் கவுண்ட்டர், எனக்கு மூன்றாவது. நடுவில் ஈஸ்வரி அக்கா, பழைய ஆள். ஆனால் நாற்காலி இருந்தாலும், ஆள் நிற்கும்போது நாமும் நின்றுதான் பில் போடணும், ஆள் இல்லாதபோது உட்காரலாம் என்பது கடைச் சட்டம்.

நான் நிறைய உட்கார்ந்தேன்.

அதுதான் அக்கா எனக்கு விளங்கவே இல்லை. என் கவுண்ட்டர் காலி. வெறும் காலி. நான் கையைத் தூக்கி, "இங்க வாங்க, இங்க ஆள் இல்ல" என்று கூப்பிடுவேன். அவள் கவுண்ட்டரில் வரிசை எண்ணெய் அலமாரி வரைக்கும் நிற்கும். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், நகர மாட்டார்கள். ஐஸ்கிரீம் டப்பா கையில் உருகும், அப்போதும் நகர மாட்டார்கள். ஒரு தடவை ஒரு ஆளிடம் நேரடியாகவே கேட்டேன், உங்களுக்கு வேற வேலை வெட்டி இல்லையா, அங்கே போய் ஏன் நிற்கிறீங்க என்று. அந்த ஆள் டிராலியையே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கும் சார் என்னைத்தான் மைக்கில் கூப்பிட்டார்.

அவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. பேசுகிறாள். மாமியாருக்குக் கால் வீக்கம் வடிந்ததா, பையன் பரீட்சை எப்படி எழுதினான், போன வாரம் வாங்கின ரவை பூச்சி இல்லாமல் இருந்ததா. இவ்வளவுதான். இதற்கா வரிசை? வீட்டில் இவர்களிடம் பேச ஆளே கிடையாதா?

அப்போதுதான் வத்தலக்குண்டுக் கடை பேச்சு வந்தது. காலைக் கைதட்டலில் சார் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய அரிசி ஆலை இருந்த இடம், புதுக் கடை. பில்லிங் இன்சார்ஜாக இங்கேயிருந்து ஒருத்தி போவாள் என்றார். இன்சார்ஜ் என்றால் நாற்காலி எப்போதும் உண்டு, அதுவும் சாய்கிற நாற்காலி. எனக்கு அங்கேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. எங்க ஊர். வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிடலாம். இந்த பஸ்ஸில் தொங்க வேண்டாம். எங்க அம்மா கடைக்கு வந்து, அதோ என் மகள் என்று நாலு பேருக்குக் காட்டலாம். எனக்கு அது வேணும் அக்கா. வாழ்க்கையில் நான் எதையும் அப்படி வேணும் என்று நினைத்ததில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, நாம் அங்கேயிருந்து வருகிற ஆள், நமக்குத்தானே தருவார்கள் என்று இருந்தேன்.

சார் என்ன செய்தார் தெரியுமா? ஜாடி வைத்தார். கண்ணாடி ஜாடி, ஊறுகாய் போடுகிற சைஸ். வாசலில் பில்லை வாங்கி ஓட்டை போடுகிற ஜாகிர் அண்ணன் மேஜையில் இரண்டு ஜாடி. ஒன்றில் நாகஜோதி என்று என் பேர், ஒன்றில் பிரிசில்லா. ஈஸ்வரி அக்காவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுது, அது எங்கேயும் போகாது, அதனால் அதற்கு ஜாடி இல்லை. மாடியில் புளி பேக்கிங்கில் கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு பில்லோடும் ஒரு புளியங்கொட்டையைக் கொடுக்கணும். போகும்போது எந்தப் பெண்ணின் வேலை பிடித்ததோ அவள் ஜாடியில் போட்டுவிட்டுப் போகணும். மாதக் கடைசியில் எந்த ஜாடி நிறைந்திருக்கோ அவள் இன்சார்ஜ். செலவே இல்லாத யோசனை என்று சார் தன்னையே மெச்சிக்கொண்டார்.

நான் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தேன். என் வேகத்தைப் பார்த்தால் போடாமலா இருப்பார்கள்? என் கையால் பில் போட்டு, என் கையால் கொட்டையைக் கொடுப்பேன். அவர்கள் நேராகப் போவார்கள். அவள் ஜாடியில் போடுவார்கள். டங் என்று கேட்கும். என் கவுண்ட்டரில் பில் போட்டவர்கள், அக்கா! என் கொட்டை! ஜாகிர் அண்ணனிடம், இது என்ன நியாயம் என்று கேட்டேன். "நான் ஓட்டை போடற ஆளும்மா, ஓட்டுப் போடற ஆளு இல்ல" என்று சிரித்தது அது.

கவுண்ட்டர்தான் காரணம் என்று நினைத்தேன். முதல் கவுண்ட்டர் வழியில் இருக்கு, ஏசி காற்று நேராக அடிக்கும், மூன்றாவது ஒதுக்குப்புறம், பினாயில் நாற்றம். சாரிடம் போய் மாற்றிக் கேட்டேன். சரி, ஒரு நாள் மாறி உட்காருங்க என்றார். அவள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூன்றுக்குப் போனாள். நான் முதல் கவுண்ட்டரில் நின்றேன்.

டிராலிகள் வழக்கம்போல வந்தன. பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். சக்கரம் கீச்சென்று திரும்பியது. ஒவ்வொன்றாக, கீச், கீச், எல்லாம் மூன்றாவது கவுண்ட்டருக்கு. மதியத்துக்குள் பினாயில் அலமாரி வரைக்கும் வரிசை. அந்தக் கீச் சத்தம் இப்போதும் காதில் இருக்கு. எண்ணெய் போடாத கதவைத் திறந்தால்கூட எனக்குக் கோபம் வருது.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் என்னிடம் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கண் ஆபரேஷன் செய்தவர். சாமானை வைத்துவிட்டு, "நீ சொன்ன டாக்டர்கிட்டயே போனேன் பாப்பா, நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று ஆரம்பித்தார். நான் அவள் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. கட்டு அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது பேத்தியின் சிவப்பு ரிப்பன் என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் உம் கொட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து பேட்ஜைப் பார்த்தார். "ஓ, நீ அந்தப் பொண்ணு இல்லையா" என்றார். அவ்வளவுதான். கொட்டையை வாங்கிக்கொண்டு போனார். டங்.

சரி, பேச்சுதானே, நமக்கு வாய் இல்லையா என்று மறுநாள் நானும் பேசினேன். ஒரு அம்மா வந்தது, "போன மாசத்துக்கு இப்ப பாதியா எளைச்சிட்டீங்க, சுகரா?" என்று கேட்டேன். ஒருத்தர் குழந்தைக்கு டயப்பர் எடுத்து வந்தார், வயிற்றுப்போக்கு நின்றதா என்று சத்தமாக விசாரித்தேன். அக்கறையோடு கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவள் கேட்டால் மட்டும் உருகுகிறார்கள். நீங்களே சொல்லுங்க, கேள்வி ஒன்றுதானே?

அப்புறம்தான் சுகந்தி அக்கா விஷயம். அது ரெகுலர் கஸ்டமர், எப்போதும் அவள் வரிசைதான். அன்றைக்கு அவளுக்கு மிஷினில் பேப்பர் சிக்கிவிட்டது, அதனால் என்னிடம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இந்த அக்காவைப் பற்றி எனக்குத் தெரியுமே. அதன் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை போய்விட்டது, இந்த அக்காவைத் தவிர வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய்ப் பார்க்கில் உட்கார்ந்திருக்கிறார். இதை அந்த அக்கா அவளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் கவுண்ட்டரிலிருந்தே கேட்டிருந்தேன். காலிக் கவுண்ட்டரில் காது நன்றாகக் கேட்கும்.

"என்ன அக்கா, அண்ணனுக்கு மில்லுல திரும்ப வேலை கெடச்சிருச்சா? பாதி சாமான்தான் எடுத்திருக்கீங்க" என்றேன். நல்ல மனசோடுதான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. பின்னால் நின்ற பொம்பளை அந்த அக்காவின் நாத்தனார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாத்தனார் கையிலிருந்த அப்பளப் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அண்ணனுக்கு வேலை போயிருச்சா?" என்று கேட்டது.

சுகந்தி அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக முதல் கவுண்ட்டருக்குப் போய் அவள் முன்னால் நின்றது. "உன்ன நம்பித்தானே சொன்னேன்" என்றது. மெதுவாகத்தான் சொன்னது, ஆனால் கடையே நின்றுவிட்டது. இவள் என்ன செய்யணும்? நான் சொல்லவில்லை என்று சொல்லணுமா இல்லையா? வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்குது. உடனே ஈஸ்வரி அக்கா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தது. வரிசையில் நின்ற இரண்டு பேர், அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லாதும்மா என்று பேசினார்கள். ஜாகிர் அண்ணன் தண்ணீர் கொண்டு வந்தது.

எனக்கு வயிறு எரிந்தது அக்கா. உளறியது நான். தப்பு என்னுடையது. அதற்கான திட்டுகூட எனக்குக் கிடைக்காதா? அதையும் அவளே வாங்கிக்கொள்ளணுமா? அந்த அழுகை, அந்தத் தண்ணீர் டம்ளர், அந்தக் கூட்டம், எல்லாம் அவளுக்கா? நான் நாற்காலியில் ஏறி நிற்காத குறை. "அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் ஒட்டுக் கேட்டேன். இங்கேருந்தே கேட்டேன். என்னைத் திட்டுங்க" என்று கத்தினேன்.

கடை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுவரைக்கும் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என் கவுண்ட்டரைப் பார்த்ததே கிடையாது.

பலன் என்ன? சுகந்தி அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம், பாவம் அந்தப் பெண், வீண்பழி என்று அவள் ஜாடியில் போட்டார்கள். ஜாடி வாய் வரைக்கும் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னது நான், நிறைந்தது அவள் ஜாடி. சார் என்னை மேலே கூப்பிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, இல்லையென்றால் மிளகாய்த்தூளுக்குப் போ என்றார். அதோடு விட்டார். நேர்மையைப் பாராட்டி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னும் கேளுங்க. மாதக் கடைசிக்கு முந்தின நாள், லாக்கர் பக்கத்தில் அவள் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "ஜோதி, எனக்கு வத்தலக்குண்டு வேணாம்டி" என்றாள். அவள் அப்பா படுத்த படுக்கை. வீடு கடைக்குப் பின் தெருவிலேயே இருக்கு. மதிய இடைவேளையில் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறாள். அவ்வளவு தூரம் போனால் அது முடியாது. சாரிடம் சொன்னாளாம், அவர், இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அடக்கம் பாரு என்றாராம். "என் ஜாடில இருக்கறத உன் ஜாடில கொட்டிடறேன். ஜாகிர் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். உனக்கும் ஊர் பக்கம், எனக்கும் நிம்மதி" என்றாள்.

ஜாகிர் அண்ணனிடமும் சொல்லிவிட்டாளாம். அப்படியென்றால் என் ஜாடி காலி என்று ஊருக்கே தெரிந்து, பாவம் பார்த்து, ஆளாளுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள்.

"நீ சாப்பிட்டு மிச்சம் வச்சத நான் திங்கணுமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போச்சு. சரி, அது வேண்டாம், இரண்டு பேரும் சாரிடம் சேர்ந்து போவோம், உனக்கு அந்த ஊர் என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லு, அவர் மாற்றிக் கொடுப்பார் என்றாள். கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். நான் போய்க் கெஞ்சி வாங்குவதா? கேட்டு வாங்கினால் அது ஜெயித்ததா? நீங்க என்ன அப்படிப் பார்க்கிறீங்க? ஒரு வார்த்தைதான், தெரியும். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் என்று எங்க அம்மாவும் சொல்லுது. தினமும் சாப்பாடு கட்டும்போது சொல்லுது.

மறுநாள் அவள் ஜாடியைத் தூக்கிக் காட்டி சார் கை தட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தமாகத்தான் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டுச் சிரிக்காமல் நின்றால் அது நடிப்பு இல்லாமல் என்ன? இப்போது அவள் அப்பாவை மதியத்தில் அவள் சித்தி வந்து பார்த்துக்கொள்ளுது என்று ஈஸ்வரி அக்கா சொன்னது. எனக்கு எதற்கு அந்தக் கதை.

இப்போது திண்டுக்கல்லில் முதல் கவுண்ட்டர் எனக்குத்தான். அவள் போனால் வரிசை எனக்கு வரும் என்று நினைத்தேன். வருது, வேற வழியில்லாமல் வருது. சாமானை வைக்கிறதுக்கு முன்னாலேயே, பிரிசில்லா எப்போது திரும்ப வரும், அப்பாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்கிறார்கள். என்னிடம்! அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெரியவர் வாரா வாரம் கேட்கிறார். தெரியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது நானே ஈஸ்வரி அக்காவிடம் கேட்டு வைத்துக்கொள்கிறேன். நேற்று அவள் அப்பா இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டாராம். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். வேலை சீக்கிரம் முடியணுமே, அதற்காகத்தான்.

செம்பட்டி வந்துவிட்டது. இங்கேதான் எனக்குத் தினமும் தலைவலி. அந்த பஸ்ஸும் இந்த பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவள் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவாள், ஜோதி, ஜோதி என்று. நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். தினமும் எனக்குச் செருப்பு அறுந்துபோகுது என்று கண்டக்டர் கிண்டல் பண்ணுவார். இதோ குனிந்துவிட்டேன். போனதும் சொல்லுங்க.

போய்விட்டதா?

என்ன அக்கா, நீங்க கை காட்டுறீங்க? அவளுக்கா? சரி, உங்க கடைக்காரி, காட்டிக்கோங்க. என்னமோ கத்தினாளே, அது என்ன? "பாத்துட்டீங்களா, அவதான்" என்றா?

அவதான் என்றால் எவள்? நானா?

இருங்க. இருங்க. ஏறினதும் எத்தனையோ இடம் காலியாக இருந்தது, நீங்க நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீங்க. அப்போது என் பேர்கூட நான் உங்களிடம் சொல்லியிருக்கவில்லை, பேட்ஜ் லாக்கரில் கிடக்கு. விரல் தட்டுகிறதை வைத்துக் கண்டுபிடித்தீங்களா? அவள் அடையாளம் சொல்லி அனுப்பினாளா? கம்பியில் விரல் ஆடிக்கொண்டே இருக்கும் என்று?

எதற்கு அனுப்பினாள்? என்னை வேவு பார்க்கவா?

பெரிய ஆஸ்பத்திரிக்கா? மார்பில் கட்டியா? இன்றைக்கா ரிசல்ட்? கூட வர யாரும் இல்லையா அக்கா? அதை அவளிடம் சொன்னீங்களா, பில் போடும்போது? அதற்கு அவள் என்ன சொன்னாள்? முழுசாகச் சொல்லுங்க, அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"அந்த பஸ்ல எங்க ஜோதி வருவா. அவ பக்கத்துல உக்காந்துக்கோங்க. பேசிக்கிட்டே வருவா. உங்களுக்குப் பயப்பட நேரமே இருக்காது."

எங்க ஜோதி என்றா சொன்னாள்?

நான் வத்தலக்குண்டிலிருந்து பேசிக்கொண்டே வருகிறேன், நீங்க எங்கே போறீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாக இருந்தால் ஏறினதும் கேட்டிருப்பாள். சரி, விடுங்க. பயமாக இருந்ததா? இவ்வளவு நேரம்? இல்லையா? நிஜமாகவா?

அந்தப் பையை இப்படிக் கொடுங்க, நான் வைத்துக்கொள்கிறேன். ரிப்போர்ட்டெல்லாம் இதில்தானே இருக்கு? கசங்காமல் மேலே வைக்கணும், இப்படி. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு எனக்கு வழி தெரியும். உள்ளே எந்தப் பக்கம் நிற்கணும் என்று கேட்டால் அங்கே யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள், நான் கேட்டால் சொல்வார்கள். நான் கேட்கிற மாதிரி கேட்பேன். இன்றைக்குக் கைதட்டலுக்கு நான் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்? சார் மைக்கில் கூப்பிடட்டும். முதல் கவுண்ட்டர் ஒரு நாள் காலியாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும் அக்கா. நாளைக்கு அவள் கேட்பாள், ஜோதி கூட வந்தாளா என்று. கேட்பாள், விட மாட்டாள். வந்தாள் என்று சொல்லுங்க. ஆனால் நீ சொன்னதால் வந்தாள் என்று சொல்லிவிடாதீங்க. நானாகத்தான் வந்தேன். அதைச் சரியாகச் சொல்லணும்.